பரீட்சைக்குப் போன மீன்

– தோ பாரு டீச்சரம்மா, ஈயம்ன்றது பாத்திரத்துக்குப் பூசறது. மீனுக்கு யாரு பூசினாங்க? எங்கூட்டுக்காரரா?

– பூசல அக்கா. உள்ள இருக்குது. சதையில, ஈரல்ல. பாத்தா தெரியாது.

– கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. உனக்கு மட்டும் தெரியுது. எங்க தெரு முனியம்மா சாமியாடறப்பவும் இதேதான் சொல்லுவா. அவளாவது போவச்சொல்ல ரெண்டு வேப்பிலை குடுத்து அனுப்புவா.

– யம்மா, அவங்க விழுப்புரத்துல மிஷின்ல வச்சிப் பாத்துட்டு வந்து சொல்றாங்க. அவங்களப் போயி முனியம்மாவோட சேக்கிறியே.

– நீ குந்துடி வெண்ணிலா. ஏழு மாச வயித்த வச்சிக்கினு பஞ்சாயத்துக்கு வந்துட்டா. பெத்தவளுக்குப் பரிஞ்சி பேசுவான்னு பாத்தா, எதிர்க்கட்சிக்கு வக்காலத்து வாங்கறா. டீச்சரம்மா ஒண்ணியும் கோச்சிக்காது.

– அம்சவள்ளியக்கா, நான் டீச்சரே இல்ல. ஆராய்ச்சி மாணவி. எத்தனை தடவ சொல்றது?

– இருபத்தொம்போது வயசுல மாணவின்னு வெளிய சொல்லிக்காத, சிரிப்பாங்க. டீச்சருன்னே இருக்கட்டும். கௌரவமா இருக்குது.

– சரி, இருக்கட்டும். நான் சண்டைக்கு வரலக்கா. மத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னுதான் காலையில மொத பஸ்ஸப் புடிச்சேன். நாளைக்குப் பாலத்துக்கிட்ட போர்டு வைக்க கவர்மெண்ட்டு ஆபீசுல இருந்து வர்றாங்க.

– இன்னா போர்டு?

– "இந்த ஆற்றில் பிடிக்கும் மீன்களை உண்ண வேண்டாம்"னு.

– பாலத்துக்கிட்டன்னா? நான் கூடைய வச்சிக்கினு குந்தற எடத்துலயா?

– அதுக்கு நேர் மேல. செவப்பு எழுத்து. மண்டை ஓடு படம் வேற.

– நல்லா இருக்குதே. மேல மண்டை ஓடு, கீழ நான். "வாங்க வாங்க, உசுரோட துள்ளுது, தின்னா உசுரு போவும்"னு கூவிக்கினு குந்தட்டுமா? பதினாறு வருஷம்டி யம்மா! வெயில்ல காஞ்சி, மழையில நனைஞ்சி, நாய அடிச்சித் தொரத்தி, போலீசுக்காரனுக்கு ஓசி கெண்ட குடுத்துப் புடிச்ச எடம். அந்தக் கூடையிலதான் இவளப் படிக்க வச்சேன். அந்தக் கூடையிலதான் வளைகாப்பு பண்ணப் போறேன். அதுமேல மண்டை ஓடு மாட்டுவீங்களா?

– யம்மா, மூச்சு வாங்குது உனக்கு. தண்ணியக் குடி.

– அதுலயும் ஈயம் இருக்குதான்னு டீச்சரம்மாவ ஒருவாட்டி கேட்டுக்கோ.

– உங்க வயித்துல அடிக்கணும்னு எனக்கு ஆசையாக்கா? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. ஆனா ரிப்போர்ட்ட பாருங்க. மீன்ல ஈயம் இருக்கலாம்ன்ற அளவைவிட ஒம்போது மடங்கு. காட்மியம் நாலு மடங்கு.

– காட்மியமா? அது யாரு, எதுத்தூட்டு சவுரியம்மா தங்கச்சியா?

– அதுவும் ஒரு உலோகம்தான்க்கா. கிட்னியக் கெடுக்கும்.

– அப்ப சவுரியம்மா தங்கச்சியேதான். சரி, இத்தினி ஈயத்தத் தின்னா ஜனங்க செத்துல்ல விழணும்? எங்கிட்ட வாங்கித் தின்னவன் எவனாவது செத்தானா? சின்னக்கண்ணு வாரம் தவறாம கெளுத்தி வாங்கிக்கினு போறாரு. எழுபத்தெட்டு வயசு. போன மாசம் வேலி தாண்டிக் குதிச்சி மல்லாட்டைக் கொல்லையில கடல திருடினாரு.

– பெரியவங்களுக்கு மெதுவாதான் காட்டும். சின்னப் புள்ளைங்களுக்குத்தான் பேஜாரு. ரத்தம் ஏறாது, புத்தி மந்தமாவும். அதுக்குத்தான் அவசரமா போர்டு.

– துர்காக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? மீனு ஒம்போது மடங்குன்னா, ஆத்துத் தண்ணி எத்தினி மடங்கு?

– தண்ணியா… தண்ணி பரவால்ல வெண்ணிலா. அளவுக்குள்ளதான் இருக்குது.

– சேறு?

– சேறும் கொஞ்சம்தான் அதிகம். பெருசா ஒண்ணுமில்ல. முழங்கால் வரைக்கும் எறங்கி நானே என் கையால அள்ளினது.

– அப்ப தண்ணியிலயும் இல்ல, சேத்துலயும் இல்ல, மீன்ல மட்டும் எப்பிடி வந்துது? மீனு டவுனுக்குப் போயி ஓட்டல்ல தின்னுட்டு வருதா?

– அப்பிடிக் கேளுடி என் ராசாத்தி! பி.காம் படிக்க வச்சது இதுக்குத்தான்.

– அங்கதான் விஷயமே இருக்குது. எங்க கைடு சொல்றாரு, இந்த ஆத்து மீனுங்களுக்கு மட்டும் உலோகத்த இழுத்து வச்சிக்கிற தன்மை ஒண்ணு இருக்குதாம். இதுவரைக்கும் உலகத்துல யாரும் கண்டுபுடிக்காதது. கோயம்புத்தூர் மாநாட்டுல பேசினாரு. எழுந்து நின்னு கைதட்டினாங்க. பேப்பர்லயும் வந்துது.

– அதான பாத்தேன், ஏன்டா நாலு மாசமா கூடையில பாதி மீனு கருவாடாவுதேன்னு. உங்க கைடுக்குக் கைதட்டு, எனக்குக் கருவாடு. ஏன் டீச்சரம்மா, அந்த மிஷின்ல வச்சியே, அது எந்த மீனு?

– நீங்க குடுத்த மீனுதான்க்கா. மாசா மாசம், ஒரு வருஷமா.

– நாங்க குடுத்தது மட்டுந்தானா? வேற எங்கியும் வாங்கல?

– வேற எங்க வாங்கறது? என் கண்ணு முன்னாடி தேவநாதன் மாமா ஆத்துல எறங்கி வலைய இழுத்து, ஈரம் சொட்டச் சொட்ட குடுத்தாரே. போட்டோகூட ஆராய்ச்சிப் புத்தகத்துல போட்டிருக்கேன். எண்பத்து நாலாம் பக்கம்.

– ஐயையோ, போட்டோ வேறயா!

– ஏன் வெண்ணிலா சிரிக்கற?

– ஒண்ணுமில்லக்கா. எங்கப்பா மொகம் புத்தகத்துல வந்துடுச்சேன்னு.

– வாய மூடு வெண்ணிலா.

– யம்மா, சொல்லிடு. நாளைக்கு மண்டை ஓடு வந்துடும். அப்பறம் சொல்லி இன்னா புண்ணியம்?

– சொன்னா இவ அழுவாடி.

– சொல்லலன்னா நீ அழுவ.

– என்னக்கா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

– அது வந்து டீச்சரம்மா… நீ மொதமொதல்ல வந்தப்ப இன்னா சொன்ன? "மீன டெஸ்ட்டுக்கு எடுத்துக்கினு போறேன். பாஸாச்சின்னா ஒரு பிரச்சினையும் இல்ல, ஃபெயிலாச்சின்னா கவர்மெண்ட்டுக்கு எழுதுவோம்"ன. சொன்னியா இல்லியா?

– உங்களுக்குப் புரியணும்னு அப்பிடிச் சொன்னேன்.

– நல்லாவே புரிஞ்சிபோச்சி. எங்க ஆத்து மீனு மொவறைய நீ பாத்திருக்கியா? சேத்துல பொரண்டு, கறுத்து, பாதிக்கு வாலு நைஞ்சிபோயி, எருமை குளிச்ச தண்ணியக் குடிச்சி வளந்த ஜென்மங்க. அதுங்கள பரீட்சைக்கு அனுப்பினா பாஸாவுமா? பெத்த புள்ள மக்குன்னு தெரிஞ்சா ஊரறிய உக்கார வச்சி அசிங்கப்படுத்துவமா? இவ சித்தப்பன் தென்னரசு பத்தாவது எப்பிடி பாஸானான்? திண்டிவனத்துல இருந்து ஒரு பையன் வந்து எழுதிட்டுப் போனான். இன்னைக்கு அவன் ரேஷன் கடையில வேலையில இருக்கான்.

– அக்கா… நீங்க என்ன சொல்ல வர்றீங்க?

– ஆள மாத்திட்டேன்.

– மாத்திட்டேன்னா?

– நீ டெஸ்ட்டு பண்ணது எங்க ஆத்து மீனே இல்ல. எல்லாம் வெளியூரு மீனு. நம்ம மீனுக்குப் பதிலா வந்து பரீட்சை எழுதிட்டுப் போச்சி.

– மாமா என் கண்ணு முன்னாடி வலைய இழுத்தாரே!

– இழுத்தாரு. வலைக்குள்ள ஈரச்சாக்குல மீன முடிஞ்சி வச்சிக்கினு எறங்குவாரு. தண்ணிக்குள்ள முடிச்ச அவுத்துட்டு "ஐலசா"ன்னு இழுப்பாரு. நீ போட்டோ எடுக்கச்சொல்ல பல்லைக் காட்டினாரே, அது சந்தோஷத்துல இல்ல. ஒரு ஜிலேபி மீனு வேட்டிக்குள்ள பூந்துக்கினு கூச்சம் காட்டிச்சாம்.

– எண்பத்து நாலாம் பக்கத்துலக்கா அந்தப் படம். கலர்ல போட்டிருக்கேன்.

– சொன்னேன்ல, அழுவும்னு.

– அழாம? நாலு வருஷம்! எங்கம்மா வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையெல்லாம் "எம்பொண்ணு டாக்டராவட்டும்"னு சொல்லித் திருப்பி அனுப்பிக்கினு இருக்காங்க. நான் மூணு ஊர்ல மைக்கு புடிச்சி ஆத்து மீனத் தின்னாதீங்கன்னு பேசியிருக்கேன். உங்க மேல எம்மாம் நம்பிக்கை வச்சிருந்தேன் தெரியுமா? கூடப்பொறந்த அக்கா மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்!

– அக்கான்னு நெனச்சதாலதான சொல்றேன். வேத்தாளா இருந்தா போர்டு நட்டு, அதுக்கு மஞ்சக் குங்குமம் வக்கிற வரைக்கும் வாயத் தொறந்திருப்பனா? தப்புதான். ஒத்துக்கறேன். நல்ல பேரு எடுத்துக் குடுக்கலாம்னு பண்ணேன், அது இப்பிடி ஆப்பா வந்து எறங்கும்னு யாரு கண்டா? மொவறைய தொடச்சிக்கோ. இந்தா முந்தானி.

– வேணாம்க்கா, மீன் நாத்தம்.

– பாரு, அழுதாலும் மூக்கு வேல செய்யுது. உங்க கைடுக்கு போனப் போடு. போர்ட நிறுத்தச் சொல்லு. ஜல்தி.

– போடறேன். என்னைக் கொல்லப்போறாரு… சார், வணக்கம் சார், துர்கா பேசறேன். ஊர்லதான் சார். சார், மீன் சாம்பிள்ல ஒரு சின்ன தப்பு… இல்ல சார், பெருசுதான். மீன் மாறிப்போச்சி சார்… ஒரு மீன் இல்ல சார், எல்லா மீனும். பன்னெண்டு மாசமும்… சார்? சார், இருக்கீங்களா?

– செத்துட்டாரா?

– யம்மா!

– இருக்கேன் சார்… ஆமா சார், கோயம்புத்தூர்ல பேசினதும் அந்த மீன்தான்… இல்ல சார், அப்பிடி ஒரு தன்மையே இல்ல… ஆமா சார், கைதட்டினாங்க… சரிங்க சார். போர்ட மட்டும் இப்பவே நிறுத்தச் சொல்லிடுங்க சார்… நேர்ல வந்து சொல்றேன் சார்.

– இன்னாவாம்?

– போர்டு நாளைக்கு வராது. ஆபீசுக்கு அவரே பேசறாராம். அப்பறம் கொஞ்ச நாளைக்கு அவரு கண்ணுல படவேணாம்னாரு.

– போர்டு வராதில்ல? சத்தியமா?

– சத்தியமா வராதுக்கா.

– யப்பா, மகமாயி! வயித்துல பால வார்த்த தாயே! வெண்ணிலா, கேட்டியாடி? ஆறு பாஸு! எருமை குளிச்சாலும் எங்க ஆறு பாஸு! நாளைக்குக் கூடைய எடுத்துக்கினு போயி அதே எடத்துல காலை நீட்டிக் குந்துவேன். எவனாவது ஈயம் பித்தளைன்னு பேசட்டும், செதிலோட மூஞ்சில அடிக்கறேன்.

– பாஸுன்னு நான் சொல்லல. ஆத்து மீன இன்னும் யாரும் தொட்டே பாக்கல. மறுபடியும் மொதல்ல இருந்து எடுக்கணும்.

– எடு, எடு. இந்தவாட்டி நீயே எறங்கிப் புடி. இப்ப மொதல்ல வந்து சாப்புடு. நாலு வருஷமா எங்கூட்டுல ஒரு வாய் மீனு தின்னிருக்கியா? "இன்னைக்கு வெள்ளிக்கெழம", "நேத்துதான் தின்னேன்", "வயிறு சரியில்ல". எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்த. ஆத்து மீனுன்னு பயம். இன்னைக்கு ஒரு சாக்கும் கெடையாது. வெண்ணிலா, இப்பதான நீ தின்ன, கொழம்பு மீதி இருக்குதா?

– இருக்குதும்மா. நாலு துண்டு வறுத்ததும் இருக்குது.

– இல்லக்கா, எனக்குப் பசியில்ல…

– அட, இது ஆத்து மீனே இல்லன்றேன். விக்கிற மீன ஊட்டுல ஆக்கினா வியாபாரம் வெளங்குமா? எங்கூட்டுச் சட்டியில ஆத்து மீனு ஏறி ரொம்ப நாளாவுது. இது பரீட்சை எழுதினதோட தம்பிங்க.

– என்ன சொன்னீங்க?

– அதே எடத்து மீனுன்னேன். குந்து, இல போடறேன்.

– அக்கா, இல இருக்கட்டும். அந்த மீன் எங்க புடிக்கிறீங்க?

– எங்க புடிச்சா இன்னா? திருட்டு மீனு இல்ல. மயிலம் போற வழியில கல்லு வெட்டி உட்ட குட்டை ஒண்ணு இருக்குது பாரு. பக்கத்துல பழைய பேட்டரி ஒடைக்கிற ஷெட்டு. அந்த ஷெட்டுக்காரரு தங்கமான மனுஷன். "நீங்களே மீனு உட்டு எடுத்துக்கோங்க, குத்தகையெல்லாம் வேணாம், கரையில ஆளு நடமாட்டம் இருந்தா எனக்கும் நல்லது"ன்னுட்டாரு. இந்தக் காலத்துல யாரு சும்மா குடுப்பாங்க?

– அந்தத் தண்ணி எப்பிடியிருக்கும்?

– ஐயோ, அந்தத் தண்ணிய நீ பாக்கணுமே! கண்ணாடி. ரெண்டாளு ஆழம், அடியில கெடக்கற கல்ல எண்ணலாம். ஒரு பாசி கெடையாது, ஒரு தவளை கெடையாது, கொசு முட்டைகூட வைக்காது. ஆடு மாடு வாய வைக்காது. கொக்குகூட வந்து எறங்காது. அம்மாம் சுத்தம்!

– துர்காக்கா, ஏன் அப்பிடிப் பாக்கறீங்க?

– வெண்ணிலா, நீ கொஞ்சம் சும்மா இரு. அக்கா, மிஷின்ல நான் வச்ச மீன் மாறியிருக்கலாம். மிஷின் சொன்ன கணக்கு மாறல. ஒம்போது மடங்கு நெஜம். அது ஆத்துல இல்லன்னா…

– மிஷினு ரிப்பேரா இருக்கும். பளபளன்னு இருக்குது மீனு!

– அக்கா, இந்த மீன யாருக்கெல்லாம் வித்தீங்க? யோசிச்சிச் சொல்லுங்க. எந்த ஊரு, எந்தத் தெரு, எல்லாம் சொல்லுங்க.

– விக்கிறதா? வாரத்துக்கு நாலஞ்சி கெடச்சா அதிகம், அத விக்க மனசு வருமா? எங்கூட்டுக்காரருக்கே தலையும் வாலும்தான் போடறேன். உனக்கு மாசம் ரெண்டு குடுத்துட்டு மிச்சமெல்லாம் ஊட்டுக்குத்தான்.

– ஊட்டுல யாருக்கு?

– இது இன்னா கேள்வி? மாசமா இருக்கறவளுக்கு அந்தச் சேத்து மீனப் போடச் சொல்றியா? இவ புருஷன் ஒரகடத்துல ஷிப்டு வேல. பொங்கிப் போட நாதி இல்லன்னு நாளு தள்ளிப்போன மறுவாரமே இட்டாந்துட்டேன். அன்னைலருந்து வாரத்துக்கு மூணு நாளு. வேணாம்மா, வாயில இரும்பு மாதிரி இருக்குதுன்னு மொகத்த சுளிப்பா. நான் உடுவனா? புள்ள நல்லா இருக்கணும்டீன்னு மடியில குந்த வச்சி ஊட்டாத கொறையா, ஈரலத் தனியா எடுத்து…

– யம்மா.

– …தனியா எடுத்து வதக்கி…

– யம்மா, போதும். நிறுத்து.

– அக்கா, உக்காருங்க. மொதல்ல நீங்க உக்காருங்க.

– துர்கா… வயித்துல இருக்கற புள்ளைக்கு டெஸ்ட்டு எங்க எடுப்பாங்கம்மா?